முன்னவன் இடது, பின்னவன் வலது

என் மகனின் தமிழ் நோட்டில் நானே என் கையால் இழுத்த சிவப்புக் கோடு ஒன்று இருக்கிறது. மூன்று மாதமாக அந்தக் கோடு என் மனத்தை அறுத்துக்கொண்டே இருக்கிறது. எழுதிவிட்டாலாவது ஆறுமா என்று பார்க்கிறேன்.

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து 18 ஆண்டுகள் ஆகின்றன. சாட்ஸ்வர்த்தில் எங்கள் தெருக்கோடிக் கோயில் மண்டபத்தில் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித் தருகிறேன். அன்று கட்டுரைத் தலைப்பு, 'எனக்குத் தெரிந்த வீரர்'. கட்டபொம்மன் வந்தார், மண்டேலா வந்தார், ரக்பி அணித் தலைவர் ஒருவரும் வந்தார். என் மகனுக்கு 12 வயது. அவன் இப்படி எழுதியிருந்தான்: 'எங்கள் டோலித் தாத்தா போயர் போரில் குண்டு மழைக்கு நடுவில் காயம்பட்டவர்களைத் தூக்கினார். அதற்காக மகாராணி அவருக்கு விக்டோரியா சிலுவை கொடுத்தார்.' இரண்டாவது வாக்கியத்தை அடித்துவிட்டு, ஓரத்தில் 'இது உண்மையில்லை' என்று எழுதினேன். ஆசிரியை செய்ய வேண்டிய வேலைதான். அன்று மாலை என் மாமியார் அந்த நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தார். 84 வயது. சிறுவயதில் கோயில் பள்ளியில் கற்ற தமிழ் அவருக்கு இன்னும் மறக்கவில்லை. "எது உண்மையில்லை, அம்மாடி?" என்று கேட்டார். "பதக்கம் மட்டும்தான், அத்தை" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "கோடு மேல் வரியிலிருந்தே ஆரம்பிக்கிறதே" என்றார்.

பார்த்தேன். அவசரத்தில் இழுத்த கோடு. 'தூக்கினார்' என்ற சொல்லின் வாலிலிருந்துதான் அது கிளம்பியிருந்தது.

டோலித் தாத்தா என்பது அத்தையின் தாத்தா. டோலி என்றால் காயம்பட்டவர்களைக் கிடத்திச் சுமக்கும் தூக்குப் படுக்கை. போயர் போர் என்பது டச்சு வழி வந்த போயர்களுக்கும் பிரிட்டிஷாருக்கும் இங்கே நடந்தது. 1896 கடைசியில் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறி, டர்பன் இருந்த நேட்டால் காலனியின் வடகடற்கரைக் கரும்புத் தோட்டம் ஒன்றில் ஒப்பந்தக் கூலியாகச் சேர்ந்தவர். குடும்பத்தில் எல்லாருக்கும் ஒரே கதை தெரியும். போரில் டோலி தூக்கினார், மெடல் வாங்கினார், மெடல் ஒரு பிஸ்கட் டப்பாவில் இருந்தது, டர்பனின் கேட்டோ மேனர் பகுதியிலிருந்து அரசாங்கம் எல்லாரையும் கிளப்பி சாட்ஸ்வர்த்துக்கு அனுப்பியபோது டப்பாவோடு தொலைந்தது. காவடிக்கு உறவுகள் கூடினால் யாராவது ஒரு மாமா இதைச் சொல்லாமல் இருக்க மாட்டார். ஒவ்வோர் ஆண்டும் மெடல் ஒரு படி உயரும். நான் வந்த புதிதில் அது வெறும் மெடல். என் மகன் காதுக்கு வந்தபோது விக்டோரியா சிலுவை ஆகிவிட்டது.

அது நடந்திருக்கவே முடியாது. போர்க்கள வீரத்துக்கான பிரிட்டனின் மிக உயர்ந்த விருதாக 1856இல் ஏற்படுத்தப்பட்ட அந்தச் சிலுவை 1911 வரை இந்தியப் படைவீரர் எவருக்கும் உரியதாக இருக்கவில்லை. துப்பாக்கி ஏந்திய இந்தியச் சிப்பாய்க்கே கிடையாது என்றால் கரும்புத் தோட்டத்துக் கூலிக்கு எங்கே கிடைக்கப் போகிறது? இந்தியரில் முதலில் பெற்றவர் குதாதாத் கான், 1914 அக்டோபரில் பெல்ஜியத்தில் காட்டிய வீரத்துக்காக. ஆக, நான் திருத்தியது சரி. சரியாகத் திருத்திய பின்னும் ஏன் தூக்கம் வரவில்லை என்பதுதான் என் கேள்வி.

கொலென்சோவில் ஏழு சிலுவைகள்

1899 டிசம்பர் 15. துகேலா ஆற்றங்கரையில் கொலென்சோ. பிரிட்டிஷ் தரப்பின் 12 பீரங்கிகள் அளவுக்கு மீறி முன்னே கொண்டுபோய் நிறுத்தப்பட்டு, போயர்களின் துப்பாக்கிகளுக்கு நேரே மாட்டிக்கொண்டன. இயக்கியவர்கள் வீழ்ந்தார்கள், மிஞ்சியவர்கள் பின்னால் ஒரு பள்ளத்தில் பதுங்கினார்கள், பீரங்கிகள் வெட்டவெளியில் அநாதையாக நின்றன. அவற்றை மீட்டு வர யார் போவது என்ற கேள்விக்கு முன்வந்தவர்களில் ஒருவர் லெப்டினன்ட் ஃப்ரெடி ராபர்ட்ஸ். வயது 27. அவருடைய தந்தை ராபர்ட்ஸ் பிரபு இந்தியாவில் 1858இல் அதே விக்டோரியா சிலுவையை வென்றவர். மகன் குதிரையில் பாய்ந்து போனார், குண்டு பட்டு விழுந்தார், இரண்டு நாளில் இறந்தார். காயத்தோடு பள்ளத்தில் கிடந்த காங்கிரீவ் என்ற அதிகாரியும் பாப்டி என்ற மருத்துவரும் வெளியே ஓடி அவரை இழுத்து வந்திருந்தார்கள். 12 பீரங்கிகளில் மீண்டவை இரண்டு. அன்றைய செயல்களுக்காக வழங்கப்பட்ட விக்டோரியா சிலுவைகள் ஏழு.

ஆநிரையை மீட்கப் போய் மாண்ட கரந்தை வீரர்களை அறிந்தவர்கள் நாம். மாட்டுக்குப் பதில் பீரங்கி, அவ்வளவுதான். அந்த இளைஞரின் துணிவை நான் ஒரு குன்றிமணி அளவும் குறைத்துப் பேச மாட்டேன். போர் யாருடைய பேராசைக்காக நடந்தது என்பது வேறு வழக்கு. திறந்த வெளியில் சாவை நோக்கிக் குதிரையைச் செலுத்துவதற்கு நெஞ்சுரம் வேண்டும்.

ஆனால் அந்த ஏழு பேரில் ஒருவரின் கதை என்னைப் பிடித்து நிறுத்தியது. ஜார்ஜ் ரேவன்ஹில், சாதாரணச் சிப்பாய். பீரங்கிகளை மீட்பவர்களுக்கு உதவப் பதுங்குமிடத்தை விட்டுத் திரும்பத் திரும்பக் குண்டுகளுக்குள் போனவர். ஊர் திரும்பி வறுமையில் விழுந்தார். 1908இல் இரும்புத் துண்டுகளைத் திருடினார் என்று தண்டிக்கப்பட்டார். அதோடு அவர் சிலுவையையும் பறித்துக்கொண்டார்கள். 1899இல் அவர் ஓடிய ஓட்டம் 1908இல் நடக்காததாக ஆகிவிடுமா? எனக்கு விளங்கவில்லை.

அந்த நாட்களில் களத்துக்குப் பின்னால் இன்னொரு கூட்டம் இருந்தது. காந்தி திரட்டிய இந்திய ஆம்புலன்ஸ் படை. அவருடைய கணக்கிலேயே சொன்னால் சுமார் 1,100 பேர், அவர்களில் தலைவர்கள் ஏறக்குறைய 40. சுதந்திர இந்தியர் 300 பேர் போக மீதி 800 பேர் ஒப்பந்தக் கூலிகள். நேட்டாலுக்கு வந்த ஒப்பந்தக் கூலிகளில் பெரும்பாலோர் சென்னையில் கப்பலேறியவர்கள் என்பதால் அந்த 800இல் தமிழும் தெலுங்கும்தான் மிகுதியாகக் கேட்டிருக்கும். டாக்டர் பூத் என்ற பாதிரியார் பயிற்சி கொடுத்தார். மரணக் காயம்பட்ட லெப்டினன்ட் ராபர்ட்ஸைச் சுமக்கும் பேறு தங்கள் படைக்குக் கிடைத்ததாகக் காந்தி எழுதியிருக்கிறார். சீவ்லி முகாமை நோக்கி நடந்த அந்த நாளில் புழுக்கம். எல்லாருக்கும் தாகம். வழியில் ஒரு சிற்றோடை. வெள்ளைச் சிப்பாய்கள் குடித்த பிறகு நாம் குடிப்போம் என்று இவர்கள் ஒதுங்கினார்கள். நீங்கள் முதலில் குடியுங்கள் என்று அவர்கள் வற்புறுத்தினார்கள். நீ முதலில், நீ முதலில் என்று கொஞ்ச நேரம் அங்கே ஒரு பாசப் போட்டி நடந்தது.

இந்த ஓடையை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். ஊருக்குள் நடைபாதையில் இந்தியன் ஒதுங்கி நடக்க வேண்டிய காலம் அது. தாகமும் பிணவாடையும் சேர்ந்து அரைமணி நேரத்துக்கு அந்த விதியை அழித்திருக்கின்றன. அங்கே முதலில் குனிந்து கை நனைத்தவர் யாரோ, அவர் பெயர் யாருக்கும் தெரியாது.

1900 ஜனவரி 24இல் ஸ்பியன்கோப் குன்றில் போர். அதுவரை சுடும் எல்லைக்கு வெளியேதான் இவர்களுக்கு வேலை. அன்று, உள்ளே வரும் கடமை உங்களுக்கு இல்லை, வந்தால் அரசு நன்றியோடு இருக்கும் என்று பிரிட்டிஷ் தளபதி ஜெனரல் புல்லரிடமிருந்து செய்தி வந்தது. போனார்கள். நெற்றியில் குண்டு பட்ட ஜெனரல் வுட்கேட்டைச் சுமந்தார்கள். ஒரு நாளைக்கு 20 மைல், 25 மைல் என்று காயம்பட்டவர்களோடு நடந்தார்கள். ஆறு வாரத்தில் படை கலைக்கப்பட்டது. புல்லர் தம் அறிக்கையில் பாராட்டினார். தலைவர்கள் 37 பேருக்குப் போர்ப் பதக்கம் கிடைத்தது என்று காந்தி எழுதுகிறார். 1,100இல் 37. மீதிப் பேருக்கு அந்த வரியில் இடமில்லை. அந்தப் போருக்கான பதக்கத்தைப் படைவீரர்களுக்கு வெள்ளியிலும், கூடச் சென்ற கறுப்பு, பழுப்பு ஊழியர்களுக்கு வெண்கலத்திலும் வார்த்தார்கள் என்பதையும் சேர்த்துப் படித்தால் கணக்கு இன்னும் துலங்கும். காந்தி தம் பதக்கத்தை 1920இல் வைசிராய்க்குத் திருப்பி அனுப்பினார். திருப்பி அனுப்புவதற்கும் கையில் ஒன்று இருக்க வேண்டும்.

என் கணவரின் சித்தப்பா ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, "தூக்கினது வீரமா அம்மா? அவர் சுடவே இல்லையே" என்றார். பாப்டி ஒரு மருத்துவர், அவரும் சுடவில்லை, அவருக்குச் சிலுவை கிடைத்தது என்றேன். இந்த நாட்டு ஜூலு மகன் லூக்காஸ் மஜோஸியைப் பற்றியும் சொன்னேன். இரண்டாம் உலகப் போரில் இங்கே கறுப்பர் கையில் துப்பாக்கி கொடுக்க அரசு மறுத்தது. 1942இல் எல் அலமைனில் அவர் வெறுங்கையோடு ஸ்ட்ரெச்சர் தூக்கினார். தன் உடம்பிலேயே குண்டு பாய்ந்த பிறகும், கூடத் தூக்கியவன் விழுந்த பிறகும், காயம்பட்டவர்களை ஒவ்வொருவராக முதுகில் போட்டுக்கொண்டு வந்தார். அவருக்குச் சிறப்பு நடத்தைப் பதக்கம் கொடுத்தார்கள், ஓவியர் ஒருவர் அவரை அமரவைத்துப் படமும் வரைந்தார். சுடுகிறவனுக்குப் பதுங்க ஒரு கல்லாவது உண்டு. டோலி தூக்குகிறவனுக்கு இரண்டு கையும் அடைபட்டிருக்கும், குனியவும் முடியாது, ஓடவும் முடியாது. சித்தப்பா யோசித்துவிட்டுத் தலையாட்டினார்.

நாய்க்கும் ஒரு கல்

நான் செங்கம் பக்கத்துக்காரி. எங்கள் ஊர் வயல்வெளிகளில் நடுகற்கள் நிற்கும். பள்ளி விட்டு வரும்போது அவற்றின் மேல் சாய்ந்துதான் புளியங்காய் தின்போம். வில்லும் கையுமாக ஒருவன், தலைக்கு மேல் வட்டெழுத்தில் நாலு வரி. எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, இன்னாருடைய ஆள் இன்னான், இன்ன ஊர் மாட்டை மீட்டுப் பட்டான். பிறகு ஆசிரியர் பயிற்சியில் படித்தபோதுதான் அந்த நாலு வரியின் அருமை தெரிந்தது. பக்கத்து எடுத்தனூரில் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. அதில் வீரனோடு ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. நாயின் பெயர் கோவிவன். தலைவன் விழுந்த பிறகு இரண்டு கள்ளர்களைக் கடித்து அவன் பக்கத்திலேயே காத்து நின்றது என்று கல் சொல்கிறது. 1,400 ஆண்டுகளுக்கு முந்திய ஒரு நாயின் பெயரும் அது செய்ததும் நமக்குத் தெரியும்.

நேட்டாலில் எழுத்துக்குப் பஞ்சமில்லை. 1860 முதல் 1911 வரை வந்திறங்கிய 1,52,184 பேரையும் கப்பல் வாரியாக எழுதி வைத்திருக்கிறார்கள். டர்பனில் குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுத்துலி ஆவண மையத்தில் அந்தப் பட்டியல்களைப் பார்க்கலாம். அத்தையின் தாத்தாவுக்கும் ஒரு வரி இருக்கிறது. எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, ஊர், உயரம், கடைசியில் அங்க அடையாளம். 'இடது கெண்டைக்காலில் தழும்பு' என்று எழுதியிருந்தது. தோட்டத்தை விட்டு ஓடினால் பிடித்து வர உதவும் என்பதற்காக எழுதிய தழும்பு. விழுப்புண்ணைக் கல்லில் செதுக்கிய நாட்டிலிருந்து வந்தவரின் உடம்புத் தழும்பு இங்கே ஆள்பிடிக்கும் அடையாளமாக ஆகியிருக்கிறது.

அந்த வரியை விரலால் தொட்டுக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். பெயர் இந்த ஏட்டில் இருக்கிறது. செயல் காந்தியின் நூலில் இருக்கிறது, '800 ஒப்பந்தக் கூலிகள்' என்று மொத்தமாக. இரண்டையும் ஒரே கல்லில் வைத்துக் கட்டுவதற்குத்தான் ஆள் இல்லாமல் போயிற்று. நடுகல் செய்கிற வேலையே அந்தக் கட்டுதான். போயர்கள் லேடிஸ்மித் நகரை முற்றுகையிட்டபோது மரத்தின் மேல் ஏறி உட்கார்ந்து, எதிரி மலையில் பீரங்கி புகைந்ததும் மணியடித்து ஊரை எச்சரித்த பிரபுசிங்கும் ஓர் ஒப்பந்தக் கூலிதான். அவரைப் பற்றி ஜெனரல் ஒருவர் சொன்னார், காந்தி எழுதினார், வைசிராயின் மனைவி கர்சன் சீமாட்டி அங்கி அனுப்பினார். அதனால் பிரபுசிங் இன்றும் இருக்கிறார். சொல்ல ஒருவர் வாய்த்தார், அந்த ஒன்றுதான் வேறுபாடு.

இங்கே இன்னொன்றையும் மறைக்காமல் எழுத வேண்டும். ஒப்பந்தக் கூலி 'தானாக முன்வந்தான்' என்று எழுத என் பேனா கூசுகிறது. அனுமதிச் சீட்டு இல்லாமல் தோட்ட எல்லையைத் தாண்டினாலே தண்டனை என்ற நிலையில் இருந்தவர் அவர். முதலாளி போ என்றால் போக வேண்டும். ஆனால் ஸ்பியன்கோப் சரிவில் குண்டு விழும் நேரத்தில் டோலியைப் போட்டுவிட்டுப் பாறைக்குப் பின்னால் ஒளிந்துகொள்வதை எந்த ஒப்பந்தமும் தடுத்திருக்காது. போடாமல் நின்றார்களே, அது அவர்களுடையது. அதற்கு நேட்டால் அரசு செய்த கைம்மாறு என்ன? 1895ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று காத்திருந்தது. ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாதவன் ஆண்டுக்கு 3 பவுன் தலைவரி கட்ட வேண்டும். முதலாண்டில் மாதம் 10 ஷில்லிங் என்பது கூலி. அந்தக் கணக்கில் 3 பவுன் என்பது ஆறு மாத உழைப்பு. தாத்தாவின் ஐந்தாண்டு முடிந்தது 1901இல், ஸ்பியன்கோப்புக்கு மறு ஆண்டு. வரியை ஒழிக்க 1913இல் சுரங்கத் தொழிலாளிகளும் தோட்டத் தொழிலாளிகளும் எழுந்து நடக்க வேண்டியிருந்தது, வள்ளியம்மை போன்ற பிள்ளைகள் சிறையில் காய்ச்சல் வாங்கிச் சாக வேண்டியிருந்தது.

இரும்புக் கட்டில்

ஒரு மழை இரவு. அத்தையின் அறையில் ஒழுக்கு. இரும்புக் கட்டிலைக் கூடத்துக்கு மாற்ற என் கணவர் தலைப்பக்கமும் மகன் கால்பக்கமும் பிடித்தார்கள். கட்டில் மேல் அத்தையின் மருந்துத் தட்டும் ஒரு டம்ளர் தண்ணீரும் அப்படியே இருந்தன. நாலடி போவதற்குள் கட்டில் இப்படியும் அப்படியும் ஊசலாடி, டம்ளர் கவிழ்ந்து, மெத்தை நனைந்தது. நாற்காலியில் உட்கார்ந்திருந்த அத்தை அதட்டினார்: "இரண்டு பேரும் ஏன் ஒரே காலை எடுத்து வைக்கிறீர்கள்? ஆடாமல் என்ன செய்யும்? முன்னவன் இடது வைத்தால் பின்னவன் வலது. முழங்காலை மடக்கி, சின்ன அடி."

செய்து பார்த்தார்கள். கட்டில் தண்ணீரில் மிதப்பதுபோல் போயிற்று.

"இதை யார் சொல்லிக்கொடுத்தது, அத்தை?" என்று கேட்டேன். தாத்தாதான் என்றார். அவருக்கு ஏழெட்டு வயது, தாத்தாவுக்கு எழுபதுக்கு மேல். கேட்டோ மேனர் வீட்டு முற்றத்தில் இரண்டு மூங்கில் கழி, ஒரு கோணிச் சாக்கு. அண்ணன் முன்னால், இவர் பின்னால், சாக்கில் தங்கை படுத்திருப்பாள். தங்கையின் வயிற்றின் மேல் ஒரு சொம்பு நிறையத் தண்ணீர். முற்றத்தைச் சுற்றி வர வேண்டும். தண்ணீர் தளும்பினால் தாத்தா கைத்தடியால் தரையைத் தட்டுவார், மறுபடி முதலிலிருந்து. "எங்களுக்கு அது விளையாட்டு. தாத்தா மட்டும் சிரிக்கவே மாட்டார்" என்றார் அத்தை. "வைக்கும்போது இன்னும் மெதுவாக என்பார். போகிறவரை பொறுத்துக்கொள்வான், கீழே வைக்கும்போதுதான் கத்துவான் என்பார். யார் கத்துவான் என்று நாங்கள் கேட்டதில்லை."

அன்று இரவு நான் உறங்கவில்லை. இராணுவ ஸ்ட்ரெச்சர் பயிற்சி முறையைத் தேடிப் படித்தேன். முன்னால் இருப்பவர் இடது காலும் பின்னால் இருப்பவர் வலது காலுமாகப் புறப்பட வேண்டும், முழங்கால் தளர்ந்திருக்க வேண்டும், அடி குறுகலாக இருக்க வேண்டும், ஒரே தாளத்தில் நடந்தால் படுத்திருப்பவர் ஊசலாடுவார். அச்சு அசலாக அத்தை சொன்னது. கரும்புத் தோட்டத்தில் யாரும் இதைக் கற்றுத் தருவதில்லை. கரும்புக் கட்டுக்கு வலிக்காது. மனித உடம்பைச் சுமந்தவனுக்குத்தான் இந்த நடை தெரியும். ஆறே வாரம் நடந்த நடை அவர் காலிலேயே ஐம்பது ஆண்டு தங்கி, முற்றத்து விளையாட்டாகப் பேத்தியின் காலுக்கு இறங்கி, அங்கிருந்து ஒரு மழை இரவில் என் கண்ணெதிரே என் மகன் காலுக்கு வந்திருக்கிறது. நானோ ஓரத்தில் 'இது உண்மையில்லை' என்று எழுதியிருக்கிறேன்.

மறுநாள் காலை காப்பி கொடுக்கும்போது மெடலைப் பற்றிக் கேட்டேன். அத்தை சற்று யோசித்தார். "தாத்தா எங்களிடம் ஒரு நாளும் மெடல் என்று சொன்னதில்லை. அதெல்லாம் இங்கே வந்த பிறகு மாமாக்கள் சொன்னது" என்றார். எனக்குப் பொறி தட்டியது. 'இங்கே வந்த பிறகு'. தோலின் நிறத்தைப் பார்த்து வீட்டைப் பிடுங்கிக்கொண்டு, ஊரின் மூலையில் வரிசை வீடுகளில் கொண்டுவந்து கொட்டிய பிறகு. நாங்களும் இந்த நாட்டுக்காக எதையோ கொடுத்தவர்கள் என்று நிரூபிக்க ஒரு காகிதமோ ஓர் உலோகத் துண்டோ தேவைப்பட்ட காலம் அது. டோலி தூக்கினார் என்று சொன்னால் எந்த அதிகாரி காது கொடுப்பான்? மெடல் என்றால் நிமிர்ந்து பார்ப்பான். மாமாக்கள் சொன்னதைப் பொய் என்று சொல்ல இப்போது எனக்கு வாய் வரவில்லை. அவர்கள் நட முடியாமல் போன கல் அது.

அத்தை தன் வலது தோளைத் தொட்டுக் காட்டினார். "இங்கே தாத்தாவுக்குக் காய்த்துப் போயிருக்கும். ஆமை ஓடு மாதிரி. தூங்கும்போது நான் விரலால் தட்டிப் பார்ப்பேன், டொக் டொக் என்று கேட்கிற மாதிரி இருக்கும்." அந்தக் காய்ப்பு டோலியால் வந்திருக்காது, ஆறு வாரத்தில் தோள் அப்படிக் காய்க்காது. அது கரும்பு தந்தது. 25 மைல் சுமக்கக்கூடிய தோள்கள் எங்கே கிடைக்கும் என்று போர் தேடியபோது, தோட்டங்கள் அவற்றை ஏற்கெனவே தயார் செய்து வைத்திருந்தன.

மகனின் நோட்டில் கோட்டை அழிக்கப் பார்த்தேன். மை ஊறிவிட்டது. 'இது உண்மையில்லை' என்பதை மட்டும் அடித்துவிட்டுக் கீழே ஒரு பக்கம் காலியாக விட்டுக் கொடுத்தேன். மெடலைப் பற்றி எதுவும் எழுதாமல், சொம்புத் தண்ணீரைப் பற்றி ஒரு பக்கம் முழுக்க எழுதி வந்தான்.

குன்றின் மேல்

ஜூலை விடுமுறையில் எல்லாருமாகக் கிளம்பினோம். என் கணவரின் தம்பியும் வந்தார். முதலில் சீவ்லி. சிறிய இடுகாடு, வேலி, காய்ந்த புல். ஃப்ரெடி ராபர்ட்ஸின் கல்லறை முன்னால் அத்தையைக் கைத்தாங்கலாக நிறுத்தினோம். "என்ன வயது?" என்று கேட்டார். 27 என்றேன். "தாய் இருந்தாளா அப்போது?" என்றார். இருந்தார் என்றேன். கொண்டுவந்த சாமந்தியில் ஒரு கைப்பிடியை அங்கே வைத்துவிட்டு, "தாத்தா இந்தப் பிள்ளையைத் தூக்கியிருப்பாரோ என்னவோ" என்றார்.

ஸ்பியன்கோப்பின் உச்சிவரை கார் போகும். காற்று ஆளைத் தள்ளியது. சரிவெல்லாம் கற்றாழை சிவந்து பூத்திருந்தது. சர்ச்சில், போயர் தளபதி போத்தா, காந்தி மூவரும் ஒரே நாளில் இங்கே இருந்தார்கள் என்று வழிகாட்டி ஒருவர் வேறொரு குழுவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். பிரிட்டிஷ் தரப்பில் மட்டும் அன்று 243 பேர் மாண்டார்கள். அவர்கள் பதுங்கியிருந்த அகழியே அவர்களுக்குக் குழியாயிற்று. வெள்ளையடித்த கற்கள் நீளமாக அந்தக் கோட்டைக் காட்டுகின்றன. கார் நிற்கும் இடத்திலிருந்து அது வரைக்கும் கல்லும் முள்ளுமாக ஒரு பாதை. அத்தையின் முழங்கால் அதற்கு இடம் கொடுக்காது. காரிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலியை இறக்கினோம். கணவரும் கொழுந்தனாரும் முன்னால், நானும் மகனும் பின்னால்.

"முன்னவர்கள் இடது" என்றார் அத்தை.

அவர் எடை 45 கிலோ இருந்தால் அதிகம். ஐம்பது அடி நடப்பதற்குள் என் விரல்கள் மரத்துவிட்டன. மகன் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான், ஆனால் அவன் கால் என் கணவரின் காலோடு ஒரு முறைகூடச் சேரவில்லை. நாற்காலி ஆடவில்லை. அகழியின் ஓரத்தில் நின்றோம். "மெதுவாக, மெதுவாக" என்று அத்தை கண்ணை மூடிக்கொண்டார். வைத்தோம். அவர் ஒன்றும் பேசவில்லை. மீதிச் சாமந்தியை மடியில் வைத்தபடி அந்த வெள்ளைக் கற்களையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மகன் உள்ளங்கையை விரித்துப் பார்த்தான். நாற்காலியின் விளிம்பு பதிந்து சிவப்பாக ஒரு கோடு. கைப்பேசியை எடுத்து, கார் நின்ற இடத்துக்கும் எங்களுக்கும் உள்ள தூரத்தை அளந்தான்.

"140 மீட்டர்" என்றான். பிறகு, "அவர்கள் 25 மைலா, அம்மா?"

"ஒரு நாளைக்கு" என்றேன்.

கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான். திரும்பிப் போகும்போது தான் முன்பக்கம் பிடிப்பதாகச் சொன்னான்.